மூலமும் பிரதியும்: தரவுப் பிரதியாக்க வரலாறு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

எழுத்தின் தோற்றத்தை ஆராய்ந்த அறிஞர் பலர் அதனை இலக்கியத்தோடன்றிக் கணக்கோடு தொடர்புபடுத்துவர். மெசொப்பொத்தேமியாவிற் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளிற் பெரும்பாலானவை தானியம், கால்நடை, உழைப்பு என்பன பற்றிய நிருவாகக் குறிப்புகளாகும். பழைய பாபிலோனியக் காலத்து ஒப்பந்தப் பலகைகள் பல களிமண் உறையினுள் இடப்பட்டன; உறையின் மேலும் அதே ஒப்பந்தம் எழுதப்பட்டது. வெளியேயுள்ள வாசகத்தை எவரேனும் மாற்றினர் என்ற ஐயம் எழுந்தால், உறையை உடைத்து உள்ளேயுள்ள வாசகத்தோடு ஒப்பிடலாம். பதிவு உரிமைக்கு ஆதாரமாகும் சமுதாயத்திலே, அப்பதிவுக்கு ஒரு பிரதி வேண்டும் என்ற தேவையும் உடன்பிறக்கின்றது என்பதை இது காட்டும்.

இன்று வங்கிக் கணக்கு, காணிப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு, ஓய்வூதியம், மருத்துவக் குறிப்பு ஆகியன பல நாடுகளிற் கணினித் தரவுத்தளங்களாகிவிட்டன. அவற்றைப் பல இடங்களில் அமைந்த தரவு மையங்களிற் பிரதிசெய்து வைக்கும் முறைகளும் வளர்ந்துள்ளன. இம்முறைகள் பொதுவாகப் பொறியியலாளரின் தனிப்பட்ட விடயங்களாகவே கருதப்படுகின்றன. ஆயின் எந்தப் பதிவுக்கு எத்தகைய பிரதி, எவர் காத்திருப்பது, எவருடைய இழப்பு பொறுக்கத்தக்கது என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் எந்தப் பொறியியலாளரும் ஒரு பிரதியாக்க முறையைத் தெரிவுசெய்தல் இயலாது. அவ்விடைகள் எவ்வெவ் வரலாற்றுச் சூழல்களில் உருவாயின என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரச்சினையின் இயல்பு

பிரதியாக்கம் அடிப்படையில் இருவகைப்படும். ஒருவர் தமது கணக்கிலிருந்து 10,000 ரூபாவை இன்னொருவருக்கு மாற்றுகின்றார் எனக் கொள்வோம். மூலத் தரவுத்தளம் அம்மாற்றத்தைத் தான் எழுதியதோடமையாது, வேறோரிடத்திலுள்ள பிரதியும் அதனை எழுதிக்கொண்டது என்ற உறுதி வந்த பின்னரே 'முடிந்தது' என வாடிக்கையாளருக்கு அறிவிக்கலாம். இதனை உடனிகழ் பிரதியாக்கம் என்போம். அவ்வாறன்றி, மூலம் தான் எழுதியவுடனேயே 'முடிந்தது' என அறிவித்து, பிரதிக்கு அச்செய்தியைப் பின்னர் அனுப்பலாம். இதனைப் பின்னிகழ் பிரதியாக்கம் என்போம்.

முன்னையதில் மூலம் எரிந்தாலும் எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் காத்திருக்க வேண்டும். பின்னையதில் எவரும் காத்திருப்பதில்லை. ஆனால் மூலம் எரியுமாயின், 'முடிந்தது' என வாக்களிக்கப்பட்ட கடைசிச் சில செக்கன்களின் அல்லது நிமிடங்களின் பதிவுகள் மறைந்துபோகும். மூலமும் பிரதியும் வெவ்வேறு வாசகங்களைக் கொண்டிருக்கும் நிலையும் தோன்றும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை முதலியோர் எதிர்கொண்ட பாடபேதச் சிக்கல் நம் வாசகர் அறிந்ததே. பாடபேதம் என்னும் அச்சொல்லே தரவுத்தளப் பிரதிகளிடையே தோன்றும் வேறுபாட்டுக்கும் மிகப் பொருத்தமானது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். பதிப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் ஏடுகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் துணியலாம். வங்கிக் கணக்கின் பாடபேதத்தை அவ்வாறு ஆறுதலாகத் தீர்க்க முடியாது.

இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவதில் மனித விருப்புக்கு அப்பாற்பட்ட ஓர் எல்லையுமுண்டு. ஒளியிழையினூடு ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். 100 கிலோமீற்றர் தொலைவுக்குச் செய்தி சென்று மீள ஒரு மில்லி செக்கன் போதும். நியூயோர்க்குக்கும் லண்டனுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 5,570 கிலோமீற்றர். அங்கு சென்று மீள 55 மில்லி செக்கனுக்குக் குறையாது. ஒரே கணக்கின்மீது ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டிய மாற்றங்கள் ஒவ்வொன்றும் இவ்வாறு காத்திருப்பின், செக்கனுக்குப் பதினெட்டு மாற்றங்களே இயலும். எந்த மூலதனமும் இவ்வெல்லையை விலைக்கு வாங்க முடியாது. அழிவிலிருந்து தப்பத் தொலைவு வேண்டும். விரைந்து இயங்க அண்மை வேண்டும். இம்முரண்பாடே பிரதியாக்க வரலாற்றின் உந்துசக்தி எனலாம்.

2. நாடாவும் வண்டியும்

பின்னிகழ் பிரதியே வரலாற்றில் முந்தியது. கெடுபிடி யுத்தத்தின் அணுகுண்டு அச்சம் நிலவிய 1951ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவில் ஹேர்மன் நோஸ்ற் என்னும் காளான் வியாபாரி, தாம் முன்னர் காளான் வளர்ப்பதற்கென வாங்கியிருந்த கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம் ஒன்றைப் பதிவுகளைக் காக்கும் நிலவறையாக மாற்றினார். 'அயன் மவுண்ரன் அணுக் காப்பகம்' என அந்நிறுவனம் பெயர்பெற்றது. நியூயோர்க்கின் சேமிப்பு வங்கியொன்று தனது வைப்புப் பதிவுகளின் நுண்படங்களையும் கையொப்ப அட்டைகளின் இரட்டைப் படிகளையும் அங்கு அனுப்பி முதல் வாடிக்கையாளராயிற்று. நகரம் அழிந்தபின்னும் வைப்பாளரின் நிலுவை அழியாதிருக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்கிடை. நகரத்து மக்களை அவ்வாறு காக்கும் ஏற்பாடு எதுவும் அவ்வளவு திட்டவட்டமாக இருந்ததில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கணினி பரவிய பின்னர் நுண்படத்தின் இடத்தைக் காந்த நாடா பெற்றது. இரவில் நாடாக்களிற் படியெடுத்து, காலையில் வண்டியிலேற்றித் தொலைவிலுள்ள களஞ்சியத்துக்கு அனுப்புவர். இதனைப் 'பிக்கப் வண்டி அணுகுமுறை' எனத் தொழில்நுட்பவியலாளர் தமக்குள் வேடிக்கையாகக் குறிப்பிட்டனர். விபத்து நேருமாயின் ஒருநாள் வேலை முழுவதும் போகும். ஆனால் அன்றைய வங்கி முறையில் காசோலையும் பற்றுச்சீட்டும் காகிதத்தில் இருந்தமையால், அந்நாளைய வேலையை மீண்டும் செய்தல் கூடியதாயிருந்தது. பிரதி பின்தங்கியிருந்தமை பேரிழப்பாகாதிருந்ததற்குக் காகிதமே காரணமாகும்.

காகிதம் மறையத் தொடங்கிய துறைகளிற் புதிய தேவை தோன்றிற்று. அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் 1960களின் முற்பகுதியில் உருவாக்கிய 'சேபர்' ஆசனப்பதிவு முறையில் இரண்டு பெருங்கணினிகள் வைக்கப்பட்டன. ஒன்று இயங்க, மற்றையது ஆயத்த நிலையிலிருந்தது. 1974இல் நிறுவப்பட்ட ரான்டெம் நிறுவனம், எவ்வுறுப்புப் பழுதுற்றாலும் நின்றுபோகாத கணினியை 1976இல் வெளியிட்டது. அதன் முதற் கொள்வனவாளர் ஒரு வங்கி. விமான நிறுவனமும் வங்கியும் முன்னணியில் நின்றமை தற்செயலன்று. இடையறாத சுழற்சியே இலாபத்துக்கு அடிப்படையாயிருக்கும் துறைகளில், நிற்றல் என்பது நட்டத்தின் மறுபெயர்.

3. கோட்பாட்டின் உருவாக்கம்

1978ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் ஜிம் கிறே, தரவுத்தள முறைமைகள் பற்றிய தமது குறிப்புகளில் 'இருகட்ட ஒப்புதல்' முறையை விளக்கினார். ஒருங்கிணைப்பாளராகிய கணினி முதலில் எல்லாரிடமும் 'ஆயத்தமா?' என வினவும். எல்லாரும் ஆம் என்றாலே 'நிறைவேற்றுக' எனப் பணிக்கும். ஒருவர் மறுப்பினும் எவரும் நிறைவேற்றார். இதன் குறைபாடும் அன்றே தெரிந்ததுதான். இரு கட்டங்களுக்கும் இடையில் ஒருங்கிணைப்பாளர் வீழ்ந்தால், 'ஆம்' என்றோர் முன்னும் செல்லாது பின்னும் செல்லாது காத்துக்கிடப்பர். அதே ஆண்டில் லெஸ்லி லம்போர்ட், வெவ்வேறு கணினிகளில் நிகழும் நிகழ்ச்சிகளுள் எது முந்தியது என்பதைக் கடிகாரத்தை நம்பாது எவ்வாறு வரையறுக்கலாம் எனக் காட்டினார்.

எல்லாரும் ஒப்பவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்திப் பெரும்பான்மையோர் ஒப்பினாற் போதும் என்னும் கருத்து அடுத்து எழுந்தது. 1979இல் றொபேட் தோமஸ், டேவிட் கிஃபோட் ஆகியோர் வாக்கெடுப்பு முறைகளை முன்வைத்தனர். மூன்று பிரதிகளில் இரண்டு ஒப்பினால் மூன்றாவது வீழ்ந்தாலும் வேலை நடைபெறும். எந்த இரு பெரும்பான்மைகளுக்கும் பொதுவான ஓர் உறுப்பினர் இருப்பாராதலின் பாடபேதத்துக்கு இடமில்லை. 1988இல் ஒக்கியும் பார்பரா லிஸ்கோவும் வெளியிட்ட முறையும், லம்போர்ட் 1990இல் எழுதி 1998இலேயே அச்சேறிய 'பக்சோஸ்' முறையும் இக்கருத்தை முழுமைப்படுத்தின.

மறுபுறத்தில், ஒப்புதலையே எதிர்பாராத மரபொன்றும் வளர்ந்தது. ஸெறொக்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, தொற்றுநோய் பரவுவதுபோல மாற்றங்கள் கணினியிலிருந்து கணினிக்குப் பரவலாம் எனக் காட்டியது. பெயர் விவரக் கொத்தொன்றில் ஒரு முகவரி சில நிமிடம் பழையதாயிருப்பதால் எவரும் கெட்டுப்போவதில்லை. பின்னிகழ் முறையின் நியாயம் அத்தகைய பதிவுகளில் வலுவானது.

இவ்விரு மரபுகளையும் எதிரெதிரே நிறுத்தி எடைபோட்ட ஆய்வு 1996இல் வெளிவந்தது. கிறேயும் மற்று மூவரும் எழுதிய அக்கட்டுரை பிரதியாக்கத்தின் அபாயங்களைப் பற்றியது. எல்லாப் பிரதிகளிலும் எவரும் எழுதலாம் என விடின், கணினிகளும் வேலையும் பத்து மடங்காகும்போது முட்டுக்கட்டைகள் ஆயிரம் மடங்காகும் என அவர்கள் கணித்தனர். உடனிகழ் முறையில் அவை முட்டுக்கட்டைகளாகவும், பின்னிகழ் முறையிற் சமரசம் செய்யவேண்டிய பாடபேதங்களாகவும் வெளிப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் உரிமையாளர் கணினியை நியமித்து, அதன்வழியே மாற்றங்களைச் செலுத்துதலே அவர்கள் கூறிய பரிகாரத்தின் சாரம். தூய உடனிகழ் முறையோ, தூய பின்னிகழ் முறையோ தனித்து நின்று பேரளவில் நிலைக்காது என்ற தெளிவு இவ்வாறு கோட்பாட்டளவிற் பிறந்தது. நடைமுறையில் அது வேரூன்ற வேறொரு நிகழ்ச்சி தேவைப்பட்டது.

4. 2001 செப்டெம்பரும் அதன் பின்னும்

2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கின் உலக வர்த்தக மையம் தாக்கப்பட்டது. அங்கிருந்த கன்ரர் ஃபிற்ஸ்ஜெறல்ட் என்னும் கடன்பத்திர வணிக நிறுவனம் 658 ஊழியரை இழந்தது. ஆயினும் அதன் இலத்திரனியல் வணிகத்தளம், நியூ ஜேர்சியிலிருந்த இரண்டாவது தரவு மையத்திலிருந்து இரண்டே நாளில் இயங்கத் தொடங்கிற்று. பிரதியாக்கத்தின் வெற்றிக்குச் சான்றாகத் தொழில்நுட்ப நூல்கள் இதனைக் கூறுவதுண்டு. தரவுக்குப் பிரதி இருந்தது. அதனை இயக்கிய மனிதருக்கு இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கூறுவதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.

அமெரிக்கப் பங்குச் சந்தைகள் செப்டெம்பர் 17ஆந் திகதி வரை மூடப்பட்டிருந்தன. மன்ஹற்றனிலிருந்த பல நிதி நிறுவனங்களின் காப்புக் கணினிகள் அதே பிரதேசத்திலேயே இருந்தமை அப்போது தெளிவாயிற்று. மத்திய வங்கி உள்ளிட்ட ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் 2002இல் ஒரு வரைவை வெளியிட்டு, மூல மையத்துக்கும் காப்பு மையத்துக்கும் இடையே 200 முதல் 300 மைல் வரையான தொலைவை விதிக்கலாமா எனக் கருத்துக் கேட்டன. நிதி நிறுவனங்கள் எதிர்த்தன. உடனிகழ் முறை 60 முதல் 100 கிலோமீற்றர் வரையே நடைமுறைக்கு உகந்தது. அதனைக் கடந்தால் கொடுக்கல் வாங்கல் மந்தமாகும் என்பது அவர்தம் வாதம். 2003 ஏப்ரலில் வெளிவந்த இறுதி ஆவணத்தில் குறைந்தபட்சத் தொலைவு எதுவும் விதிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, தீர்வகங்கள் இரண்டு மணித்தியாலத்திலும் பெரிய நிறுவனங்கள் நான்கு மணித்தியாலத்திலும் மீளவேண்டும் என்னும் இலக்குகள் வகுக்கப்பட்டன.

இவ்விவாதத்தில் இயற்கையின் எல்லையும் வர்க்க நலனும் ஒன்றாகப் பேசின. ஒளியின் வேகம் பற்றிய வாதம் உண்மையானதே. ஆயினும், மந்தமான சந்தையை ஏற்பதா, சில செக்கன் பதிவுகளின் இழப்பை ஏற்பதா என்னும் வினாவுக்கு ஒளியின் வேகம் விடை தருவதில்லை. அதற்கு விடை தந்தவர்கள் சந்தையினர். அதே ஆண்டு ஓகஸ்ற் 14இல் வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களைப் பாதித்த மின்தடை, முப்பது நாற்பது கிலோமீற்றர் தொலைவு எவ்வளவு சிறியது என்பதை மீண்டும் உணர்த்திற்று.

இம்முரண்பாட்டுக்கு நடைமுறை கண்ட தீர்வே இரு முறைகளையும் இணைத்தல். அதன் அமைப்பு எளியது. மூல மையத்துக்குச் சில பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இரண்டாவது மையம் ஒன்று உடனிகழ் பிரதியை வைத்திருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் மூன்றாவது மையம் பின்னிகழ் பிரதியை வைத்திருக்கும். இவற்றை அண்மைப் பிரதி, சேய்மைப் பிரதி எனலாம். ஒரு கட்டடம் எரிந்தால் அண்மைப் பிரதி எவ்விழப்புமின்றிப் பொறுப்பேற்கும். சேய்மைப் பிரதியும் அதிலிருந்தே தொடர்ந்து மாற்றங்களைப் பெறும். பிரதேசம் முழுவதும் அழிந்தாற் சேய்மைப் பிரதி சில செக்கன் இழப்போடு எஞ்சும். 1994இல் ஈ.எம்.சி. நிறுவனம் வெளியிட்ட தொலைப் பிரதியாக்கமும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒத்த கருவிகளும் 2000களில் இம்மும்மைய வடிவத்தைப் பெற்றன.

ஆனால் இணைப்பு என்பது இரண்டையும் அருகருகே வைப்பதோடு முடிவதில்லை. அண்மைப் பிரதியோடு தொடர்பு அறுந்தால் மூலம் என்ன செய்வது? நின்றுவிடுவதா, பிரதியின்றியே தொடர்வதா? ஒறக்கிள் தரவுத்தளம் 2000களின் தொடக்கத்தில் இதற்கு மூன்று நிலைகளை வகுத்தது. முதல் நிலையில் பிரதி கிடைக்காவிடின் மூலமே நின்றுவிடும். இரண்டாவதில் இயன்றவரை உடனிகழ்ந்து, இயலாதபோது தனித்துத் தொடரும். மூன்றாவது முற்றிலும் பின்னிகழ்வது. வேறெதுவும் தெரிவுசெய்யப்படாவிடின் இயல்பாக அமைவது மூன்றாவதே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 'அரை உடனிகழ்' முறையோ, பிரதியின் விடைக்கு இயல்பாகப் பத்துச் செக்கன் காத்திருந்து, பின் ஓசையின்றிப் பின்னிகழ் முறைக்கு மாறிவிடும். நெருக்கடி வரும்போதே அம்மாற்றம் நிகழ்கின்றது. வாக்குறுதி மிகத் தேவைப்படும் கணத்தில் அது நெகிழ்ந்துவிடுவது, இவ்விணைப்பின் உள்ளே மறைந்துள்ள முரண்பாடாகும்.

5. பெருநிறுவனங்களின் காலம்

2000ஆம் ஆண்டில் எரிக் புறூவர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். வலையமைப்புத் துண்டிக்கப்படும்போது, பிரதிகளின் ஒருமைப்பாடு, எப்போதும் விடையளிக்கும் ஆற்றல் ஆகிய இரண்டையும் ஒருங்கே பேணல் இயலாது என்பது அதன் சாரம். 2002இல் கில்பேட்டும் நான்சி லிஞ்ச்சும் அதனை நிறுவினர். இணைய வணிகம் பெருகிய அக்காலத்தில் இத்தேற்றம் கொள்கைப் பிரகடனம்போலப் பயன்படுத்தப்பட்டது.

அமசோன் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'டைனமோ' பற்றிய ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வாடிக்கையாளரின் கொள்வனவுக் கூடையில் ஒரு பொருளை இடுதல் எந்நிலையிலும் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. பிரதிகள் முரண்பட்டாற் பின்னர் ஒன்றாக்கப்படும். அவ்வாறு ஒன்றாக்கும்போது நீக்கிய பொருள் சிலவேளை கூடையில் மீண்டும் தோன்றக்கூடும் என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. இட்ட பொருள் தொலைவதைவிட, நீக்கிய பொருள் மீள்வது விற்பனையாளனுக்கு உவப்பானதே. ஒருமைப்பாட்டின் எந்தப் பிழை பொறுக்கத்தக்கது என்பதை இங்கு வணிக நலன் தீர்மானிப்பதை வெளிப்படையாகக் காணலாம்.

விளம்பரக் கணக்கு அவ்வாறு நெகிழ முடியாதது. கூகிள் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'ஸ்பானர்' முறையில், தன் வருமானத்துக்கு ஆதாரமான விளம்பரத் தரவுத்தளத்தை ஐந்து பிரதிகளாக ஐக்கிய அமெரிக்காவின் இரு கரைகளிலும் வைத்துப் பெரும்பான்மை ஒப்புதலோடு இயக்கியது. தரவு மையந்தோறும் செய்மதி நேரக் கருவிகளும் அணுக் கடிகாரங்களும் வைக்கப்பட்டன; கடிகாரத்தின் ஐயப்பாடு தீரும்வரை முறைமை வேண்டுமென்றே காத்திருக்கும். காத்திருப்பு வீண் என்ற வாதம், தன் சொந்த வருமானப் பதிவு என்று வந்தபோது பெருநிறுவனத்தாலேயே கைவிடப்பட்டமை கவனிக்கத்தக்கது.

கட்டற்ற மென்பொருள் உலகிலும் இவ்விணைப்பு இடம்பெற்றது. போஸ்கிரஸ் தரவுத்தளம் 2010இல் பின்னிகழ் முறையையும் 2011இல் உடனிகழ் முறையையும் பெற்றது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனித்தனியே எம்முறை என விதிக்கும் வசதி அதில் உண்டு. ஒரே தரவுத்தளத்தில் பணமாற்றம் பிரதியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க, பார்வையாளர் எண்ணிக்கை காத்திராது செல்லலாம். பதிவின் முக்கியத்துவத்தை முதலிலே வரிசைப்படுத்தினாலன்றி இவ்வசதியாற் பயனில்லை. பெருநிறுவனத்தின் பணியாளர் படை இல்லாத ஒரு மாநகரசபையோ வைத்தியசாலையோ இவ்விணைப்பை அமைக்கும் வழி இதனால் திறந்தது.

இணைந்த முறைகள் சிக்கலாகும்போது சிறு பிசகும் பெரிதாகும். 2018 ஒக்டோபர் 21இல் கிற்ஹப் நிறுவனத்தின் ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும்போது, கிழக்குக் கரைத் தரவு மையத்தோடான தொடர்பு 43 செக்கன் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரைப் பிரதிகளை மூலமாக உயர்த்திற்று. ஆனால் இரு கரைகளுக்கும் இடையே பிரதியாக்கம் பின்னிகழ்வதாயிருந்தமையால், கிழக்கில் எழுதப்பட்ட கடைசி மாற்றங்கள் மேற்கிற்குச் சென்றிருக்கவில்லை. மேற்கு புதியவற்றை எழுதத் தொடங்கியதும், இரண்டுமே மற்றையதில் இல்லாத பாடங்களைக் கொண்டிருந்தன. வேகத்தைவிடப் பதிவின் நேர்மையே பெரிது எனத் துணிந்து, 24 மணித்தியாலத்துக்கு மேலாகச் சேவையைக் குறைத்துச் சீர்செய்தனர். 43 செக்கனின் விலை ஒரு நாள்!

6. எவருடைய பதிவு?

இதுகாறும் வங்கியும் வணிகமும் பற்றிய வரலாற்றையே கண்டோம். பொதுமக்களின் குடியியற் பதிவுகளின் நிலை யாது?

2011 மார்ச் 11இல் யப்பானின் வடகிழக்கைத் தாக்கிய ஆழிப்பேரலை, மினாமிசன்றிக்கு, ஒனகாவா, றிக்குசென்தகாத்தா, ஒற்சுச்சி ஆகிய நான்கு உள்ளூராட்சிப் பிரிவுகளின் குடும்பப் பதிவேடுகளை அழித்தது. யப்பானில் ஒருவரின் பிறப்பு, திருமணம், பெற்றோர், வாரிசுரிமை ஆகிய யாவற்றுக்கும் குடும்பப் பதிவேடே சட்ட ஆதாரம். சட்டத்தின்படி அவற்றின் பிரதிகள் நீதி அமைச்சின் பிராந்தியச் சட்ட அலுவலகங்களுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அனுப்பப்பட்டிருந்தமையால், அவற்றிலிருந்து பதிவேடுகள் மீளவும் அமைக்கப்பட்டன. கடைசியாக அனுப்பப்பட்டபின் நேர்ந்த பிறப்புகளையும் திருமணங்களையும் வேறு ஆதாரங்களைத் தேடியே சேர்க்கவேண்டியிருந்தது. இது பின்னிகழ் பிரதியின் மிக எளிய வடிவம். ஆயிரக்கணக்கானோரின் சட்ட இருப்பைக் காத்தது அதுவே. உயர்ந்த தொழில்நுட்பமன்று, இடையறாது பேணப்பட்ட ஒரு சட்டக் கடமையே இங்கு பயன் தந்தது.

கொரியக் குடியரசின் அனுபவம் இதற்கு மாறானது. 2022 ஒக்டோபர் 15இல் பங்கியோவிலுள்ள தரவு மையம் ஒன்று தீப்பற்றியபோது, ககாவோ நிறுவனத்தின் சேவைகள் முழுமையாக மீள 127 மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. தரவுக்குப் பிரதிகள் வேறிடங்களிலும் இருந்தன. ஆனால் அவற்றை இயக்கும் நிருவாகக் கருவிகள் அம்மையத்திலேயே முடங்கின. அவ்வாண்டு டிசெம்பரில் தனியார் நிறுவனங்களின் கடப்பாடுகளை இறுக்கிச் சட்டங்கள் திருத்தப்பட்டன. ஆனால் 2025 செப்டெம்பர் 26இல் அரசின் டேஜியொன் தரவு மையமே மின்கலத் தீயால் எரிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச முறைமைகள் நின்றன. அரச ஊழியரின் பொதுக் களஞ்சியமொன்றிலிருந்த 858 ரெராபைற் தரவுகளுக்கு வெளியே பிரதி எதுவும் இருக்கவில்லை. களஞ்சியம் மிகப் பெரிதென்பதே கூறப்பட்ட காரணம். தனியாருக்கு விதித்ததை அரசு தனக்கு விதிக்கவில்லை.

நமது நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 2023 ஓகஸ்ற் 26இல் இலங்கை அரச முகில் எனப்படும் தரவு முறைமை கப்பம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. பிரதி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மூலத்தோடு இணைந்தே இருந்தமையால் அதுவும் மூலத்தோடு பூட்டப்பட்டது. தொடர்பறுத்து வேறாக வைக்கப்பட்ட பிரதி அக்காலப் பகுதிக்கு இல்லை.

இதிலிருந்து கோட்பாட்டளவிலும் ஒரு பாடம் உண்டு. உடனிகழ் பிரதி தீயிலிருந்து காக்கும், தீயவனிடமிருந்து காக்காது. மூலத்தில் எழுதப்பட்ட அழிவையும் அது அதே விசுவாசத்தோடு அக்கணமே பிரதிசெய்யும். பின்னிகழ் பிரதியும் சற்றுப் பிந்தி அதையே செய்யும். ஆகவே இவ்விரண்டோடு, மாற்றமுடியாததும் தொடர்பற்றதுமான மூன்றாவது பிரதியும் வேண்டும். சுரங்கத்தில் வைத்த நுண்படத்தின் நியாயம் இன்றும் காலாவதியாகவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று, உடனிகழ் முறையும் பின்னிகழ் முறையும் ஒன்றையொன்று வென்ற வரலாறு எதுவுமில்லை. தொலைவுக்கும் வேகத்துக்கும் இடையிலான முரண்பாடு அவற்றை இணைத்தே கையாள நிர்ப்பந்தித்தது. இரண்டு, அவ்விணைப்பின் வடிவத்தைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அணுகுண்டு அச்சமும், சந்தையின் அவசரமும், ஒழுங்குவிதியின் தளர்வும் இறுக்கமும் தீர்மானித்தன. மூன்று, பணப் பதிவுகள் மில்லி செக்கன் நுட்பத்தோடு காக்கப்பட்டபோது, மக்களின் குடியியற் பதிவுகள் சட்டம் கட்டாயப்படுத்திய இடங்களிலேயே தப்பின.

இங்கிருந்து எழும் கடமை தெளிவானது. பிறப்பு, காணி, கல்வி, ஊழியர் சேமலாப நிதி ஆகியவை பற்றிய பதிவுகள் கணினிமயப்படுத்தப்படும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், அவற்றின் பிரதி எங்கேயுள்ளது, எவ்வளவு பின்தங்கியுள்ளது, தொடர்பு அறுந்தால் என்ன நிகழும், மூலத்தோடு சேர்ந்து அழியாத பிரதி உண்டா என்னும் நான்கு வினாக்களையும் பகிரங்கமாகக் கேட்டல் வேண்டும். எஸ்தோனியா 2017இல் லக்ஸம்பேர்க்கோடு உடன்படிக்கை செய்து, தூதரகத்துக்குரிய விலக்குரிமையோடு தன் அரச தரவுகளின் பிரதியை அந்நாட்டில் வைத்தது. நிலத்தை இழந்தாலும் குடிமக்களின் பதிவை இழக்கலாகாது எனச் சிறுநாடொன்று துணிந்ததன் விளைவு அது. இந்நான்கு வினாக்களும் கணினி அறைக்குள் மட்டும் கேட்கப்படும்வரை, விடைகளும் அங்கேயே முடிவாகும். பதிவுக்குரிய மக்கள் அவற்றைப் பாராளுமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேட்கத் தொடங்குதலே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் அடுத்த கட்டமாகும்.